அடி தாங்கும் கடிகாரம்

மாமல்லபுரத்தில் 2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தேறிய காலத்தில் தமிழகமெங்கும் பரவிய சதுரங்க உற்சாகம், சேலத்திலும் நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பலகை முன் உட்கார வைத்திருப்பது மனத்துக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. ஆனால் அப்பிள்ளைகளுக்காகப் போட்டி நடத்துகிற பெரியவர்கள், கோப்பைகளுக்கும் மேடை அலங்காரத்துக்கும் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, ஆட்டத்தின் ஜயாபஜயத்தையே நிர்ணயிக்கும் கடிகாரத்தைப் பற்றி மட்டும் “அவரவர் செஸ் கிளாக்கை அவரவரே கொண்டு வாருங்கள்” என்று ஒரு வரி எழுதி ஒதுங்கிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிளிட்ஸ் எனப்படும் அதிவேக ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் மொத்த அவகாசம் 10 நிமிஷமோ அதற்கும் குறைவோதான். உலகப் போட்டிகளில் 3 நிமிஷமும், ஒவ்வொரு நகர்வுக்கும் 2 விநாடி கூடுதலும் தருகிறார்கள். ஓர் ஆட்டம் 40 நகர்வு நீடித்தால் இருவரும் சேர்ந்து கடிகாரத்தை 80 முறை அழுத்துகிறார்கள். 9 சுற்றுப் போட்டியொன்றில் ஒரே கடிகாரம் 720 முறை அழுத்தப்படுகிறது. அவற்றுள் கடைசிப் பத்து விநாடிகளில் விழுபவை அழுத்தமல்ல, அடி. பலவந்தமாக அழுத்துவதும், கையில் தூக்குவதும், தட்டிக் கவிழ்ப்பதும் கூடாதென்று சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதி சொல்கிறது; நகர்த்திய கையாலேயே அழுத்த வேண்டுமென்பதும் விதிதான். எனினும் தோல்வி கண்ணெதிரே நிற்கையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை விதிப் புத்தகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அந்தக் கையைத் தாங்கும்படியான பொருளைத் தேடுவதே விவேகம்.

மணற்குடுவையை வைத்து ஆடிய காலம் போய், இரட்டைக் கடிகாரம் லண்டன் போட்டியில் 1883-இல் அரங்கேறியது. அதன் பின் நூறாண்டு காலம் சாவி கொடுத்து ஓட்டும் யந்திரக் கடிகாரங்களே ஆட்சி செலுத்தின. கிழக்கு ஜெர்மனியின் ரூலா நகரில் செய்யப்பட்ட கார்டே, சோவியத் நாட்டின் யாந்தார் ஆகியவற்றை மூத்த ஆட்டக்காரர்கள் இன்றும் வாஞ்சையோடு குறிப்பிடுவார்கள். சென்னையில் சோவியத் கலாசார மையத்து மிகயில் தால் சதுரங்கக் கழகத்தில், தோற்றவர் எழுந்து வரிசைக்குப் போக வென்றவர் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும் பிளிட்ஸ் ஆட்டங்களில் பழகிய சிறுவன் விசுவநாதன் ஆனந்த், பிற்காலத்தில் 2003-இலும் 2017-இலும் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். வேகத்தை அவருக்குப் பயிற்றுவித்தது அந்தக் கடிகாரத் தலைமுறை. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் ஒருப்படேன். ஆயினும் அவற்றுள் சக்கரங்களும் மெல்லிய வில்லும் இருப்பதால், பலத்த அடி ஒரு பக்கத்தின் ஓட்டத்தை நிறுத்தவோ தாமதப்படுத்தவோ கூடும். நேரம் தீர்ந்ததைக் காட்டும் சிறு கொடி விழப்போகும் தறுவாயில் எத்தனை விநாடி மிச்சமென்று எவராலும் கண்டறிய இயலாது.

மின்னணுக் கடிகாரம் வந்து இக்குறையை நீக்கிற்று. நகர்வுதோறும் சில விநாடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1989-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, 1992-இல் ஸ்பாஸ்கியுடன் ஆடிய போட்டியில் அதைப் பயன்படுத்தியும் காட்டினார். அவ்விதம் கூடும் 2 விநாடி ஆட்டக்காரனை மட்டுமல்ல, கடிகாரத்தையும் ரட்சிக்கிறது என்பது என் அபிப்பிராயம். அடுத்த நகர்வுக்கு அவகாசம் நிச்சயம் உண்டென்று அறிந்தவன் ஓங்கி அறைவதில்லை. ஆகவே இன்று வாங்குபவர்கள் இந்த வசதியில்லாத கடிகாரத்தை, எவ்வளவு மலிவாயினும், வாங்கலாகாது.

இனி, உறுதியைச் சோதிக்கும் விதம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர் பட்டறை வாசலின் சமதரையை எண்ணியா கட்டுகிறார்? மலைப்பாதையின் குழியையும் ஏற்றிய பாரத்தையும் எண்ணியல்லவோ கட்டுகிறார்! அவ்விதமே கடைக்காரர் மேஜைமேல் அழகாகத் தோன்றுவது கணக்கில்லை. மேலே உள்ள தட்டை நடுவில் மட்டுமன்றி ஓரத்திலும் மூலையிலும் தட்டிப் பாருங்கள். எங்கே தட்டினாலும் திக்காமல் சாய வேண்டும். அடியில் ரப்பர் பாதம் இல்லாவிட்டால், வழவழப்பான மண்டப மேஜையில் ஒவ்வொரு அடிக்கும் கடிகாரம் நகர்ந்துகொண்டே போகும். பேட்டரி மூடி தளர்ந்திருந்தால், ஓர் அதிர்ச்சியில் செல் விலகி நேரக் கணக்கே அழிந்துபோகும். இலக்கங்கள் பக்கவாட்டிலிருந்தும் ஜன்னல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் குரோனோஸ் உலோகப் பெட்டியால் பேர் பெற்றது. ஹாலந்தின் டிஜிடி கடிகாரங்களோ சாயும் தட்டால், யாருடைய நேரம் ஓடுகிறதென்பதை நடுவர் தூரத்திலிருந்தே அறியச் செய்கின்றன. பலகை பல உள்ள பள்ளி மண்டபத்துக்குப் பின்னதே உகந்தது என்பேன்.

வாங்கிய பின் பராமரிப்பும் அவசியம். கோடை விடுமுறையில் செல்களைக் கழற்றி வையுங்கள். கசிந்த திரவம் தகடுகளை அரித்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் திரை கறுத்துப்போகும்.

கைப்பேசியிலேயே கடிகாரச் செயலி உண்டே என்பார்கள். வீட்டுப் பயிற்சிக்குச் சரி. நடு ஆட்டத்தில் அழைப்பு வரும், கண்ணாடி உடையும், தட்டையான திரையைத் தொட்டுப் பழகிய கை போட்டியில் தடுமாறும்.

கடிகாரம் பழுதானால் அதை மாற்றி, மீதி நேரத்தை நடுவர் தம் உசிதப்படி தீர்மானிக்கலாமென்று விதி இடங்கொடுக்கிறது. இரண்டு மணி நேர ஆட்டத்தில் அதனால் பெரிய நஷ்டமில்லை. மூன்று நிமிஷ ஆட்டத்தில் எவ்வளவு நேர்மையான நடுவரும் ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்யாமல் தீர்ப்பளிக்க முடியாது. அதுவும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த மலிவுக் கடிகாரமாயிருந்தால், தண்டனை பெரும்பாலும் அப்பிள்ளைக்கே வந்து சேர்கிறது.

ஆகையால் தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரையும் போட்டிக்கு நன்கொடை வழங்கும் வணிகப் பெருமக்களையும் வேண்டிக்கொள்கிறேன்: மலிவான கடிகாரம் பத்து வாங்கும் பணத்தில் உறுதியானவை நான்கு வாங்குங்கள், அவற்றைப் பள்ளியின் சொத்தாக வையுங்கள், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே அந்தத் தொகையை ஒதுக்கிவிடுங்கள்.