ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு

2020 மார்ச் 27 அன்று, கொரோனா ஊரடங்கின் மூன்றாம் நாளில், வங்கிகள் கடன் தவணைகளை மூன்று மாதங்கள் ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. கடனே குறைந்துவிட்டதாக எண்ணி நிம்மதியடைந்தோரும் நம்மில் உண்டு.

ஆனால் நின்றது தவணை மட்டுமே. நிலுவைத் தொகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், அந்தக் காலத்திற்கு வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வட்டியை முழுமையாகத் தள்ளுபடி செய்யவோ மறுத்துவிட்டது.

கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறும், அதை விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் திருக்குர்ஆன் (2:280) போதிக்கிறது. வட்டியைக் கைவிடுமாறு கட்டளையிடும் வசனங்களை அடுத்தே இவ்வசனம் இடம்பெறுகிறது. மார்க்கம் கூறும் அவகாசத்தில் காலம் நீளும், கடன் வளராது.

எனவே நம் கடமைகள் இரண்டு. அரசின் நிவாரண அறிவிப்புகள் வரும்போது, எது சலுகை, எது சுமை என்பதை விவரம் அறிந்தவர்களைக் கொண்டு ஒவ்வொரு ஜமாஅத்தும் மக்களுக்கு விளக்க வேண்டும். நம்மிடம் கடன்பட்ட எளியவருக்கும், வாடகை தர இயலாதவருக்கும் மார்க்கம் காட்டிய அவகாசத்தை நாமே முதலில் வழங்க வேண்டும். வங்கியிடம் நாம் எதிர்பார்த்த இரக்கத்தை நம்மிடம் எதிர்பார்ப்போரும் இருக்கிறார்கள்.