யாருக்காக இந்த இழிவுப் பெறுமானம்?

நுண்கணிதம் கற்பிக்கும் முறைபற்றிய விவாதம் கணித ஆசிரியர்களின் உள்வீட்டு விவகாரம் என்று கருதி, இலக்கியமும் அரசியலும் பேசும் நம்மிற் பலர் அதன் பக்கம் தலைகாட்டுவதில்லை. இந்த அலட்சியத்திற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் மாணவரும் மாணவியருமே நாளை பாலம் அமைப்பவர்கள்; மின்சாரம் பங்கிடுபவர்கள்; கணினிக்குக் கட்டளை எழுதுபவர்கள். ஒரு சமுதாயத்தின் வளங்கள் எவருக்கு, எந்த அளவில், எவ்வளவு விரைவாகச் சென்று சேரவேண்டும் என்பதைக் கணித்துத் தரும் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்து சேரும். அவர்களுக்கு வகுப்பறையில் எத்தகைய வினா தரப்படுகிறது என்பதில் நமக்கு அக்கறை இருந்தே தீரவேண்டும்.

அண்மைக்காலத்தில் ஆசிரியர் மத்தியில் ஒரு புதிய குரல் கேட்கிறது. வகையீட்டையும் தொகையீட்டையும் நிஜவுலகப் பிரச்சினைகள் வாயிலாகவே அறிமுகஞ் செய்யவேண்டும். ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானம் பொதி சுமந்து செல்வதே அதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் என்கின்றனர் இக்குரலுக்குரியோர். எந்தக் கதியிற் பறந்தால் மின்கலத்தின் சக்தி குறைவாகச் செலவாகும்? எங்கே நிலையம் அமைத்தால் பறக்குந் தூரம் இழிவாகும்? இவ்வாறான வினாக்களால் மாணவர் உற்சாகம் அடைவர் என்பது அவர்கள் வாதம். மறுபுறத்தில், கணிதம் தூய்மையானது, அதனைப் பொதி சுமக்க வைப்பது அபசாரம் என்று முகஞ்சுளிப்போர் நிற்கின்றனர். இவ்விரு சாராருடனும் நமக்கு வழக்கு உண்டு.

முதலில் தூய்மைவாதிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் 'கலை கலைக்காகவே' என்று நம்முடன் மல்லுக்கு நின்றவர்களின் குரலையே இப்போது 'கணிதம் கணிதத்துக்காகவே' என்ற உருவிற் கேட்கிறோம். இவர்கள் பேணிவரும் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சுவரிற் சாத்திய ஏணி தலைமுறை தலைமுறையாக வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அதில் ஏறி நின்றவன் எவனும் இல்லை. சதுரத் தகட்டின் நான்கு மூலைகளையும் வெட்டி மூடியற்ற பெட்டி செய்கிறார்கள். அப்பெட்டிக்குள் எதனை இடுவது என்று எவரும் கேட்பதில்லை. இது தூய்மை அன்று, வறுமை.

நுண்கணிதம் பிறந்த வரலாறும் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டில் சோவியத் பௌதிகவியலாளர் பொரிஸ் ஹெஸன், நியூற்றனின் பெருநூலின் வேர்கள் அக்காலத்துக் கப்பற் போக்குவரத்து, சுரங்கத் தொழில், யுத்தம் ஆகியவை எழுப்பிய பிரச்சினைகளிற் பதிந்திருந்தன என்று வாதிட்டார். அவரது வாதத்தின் ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதில்லை. ஆயினும் பீரங்கிக் குண்டின் பாதையும் கோளின் பாதையும் ஒரே கணிதத்தின் கீழ் வந்தன என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. மார்க்ஸ் தமது இறுதி ஆண்டுகளில் வகைநுண்கணிதத்தின் அடிப்படைகளை ஆராய்ந்து, 1881இல் பெறுதி பற்றிய தமது குறிப்புகளை ஏங்கெல்சின் பார்வைக்குத் தந்தார் என்பதும், அவருடைய கணிதக் கையெழுத்துப் பிரதிகள் 1968இல் மொஸ்கோவில் நூலுருப் பெற்றன என்பதும் நமது வாசகர் பலர் அறிந்தவையே. ஆகவே நிஜவுலகை வகுப்பறைக்குள் அழைப்பதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம்.

அழைத்து வருவதற்குத் தகுந்த நிஜவுலகமும் இருக்கத்தான் செய்கிறது. மலைகள் நிறைந்த ருவாண்டாவில் 2016 ஒக்டோபரிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆளில்லா விமானம் மூலம் குருதி அனுப்பப்பட்டு வருகிறது. சேவையை நடத்துவது ஸிப்லைன் என்ற அமெரிக்கக் கம்பனி. கவண் போன்ற பொறியிலிருந்து ஏவப்படும் சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் கதியிற் சென்று, ஆஸ்பத்திரி வளவின் மேல் பொதியைப் பரசூட்டில் இறக்கிவிட்டு, தரையைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. 2022இல் 'லான்செற் குளோபல் ஹெல்த்' என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வின்படி ஒரு விநியோகத்திற்குச் சராசரியாக எடுத்த நேரம் 49.6 நிமிடம், தெருவழிப் பயணத்துக்கு மதிப்பிடப்பட்ட நேரத்தைவிட 79 நிமிடம் குறைவு. காலாவதியாகி வீணாகும் குருதியும் பன்னிரண்டு மாத முடிவில் 67 வீதம் குறைந்திருந்தது. பிரசவத்தின்போது குருதி பெருகும் ஒரு தாய்க்கு 79 நிமிடம் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த விமானத்தைக் கரும்பலகையில் வரைந்தால் ஏணி வெட்கித் தலைகுனியும்.

இங்குதான் இரண்டாவது சாராருடனான நமது வழக்கு ஆரம்பமாகிறது. 2016 டிசம்பரில் இங்கிலாந்தின் கேம்பிறிஜ் அருகே அமேசன் கம்பனி தனது முதலாவது ஆளில்லா விமான விநியோகத்தை நிகழ்த்தியது. பொதியினுள் இருந்தவை ஒரு தொலைக்காட்சிச் சாதனமும் ஒரு பை சோளப்பொரியும். ருவாண்டாவிற் குருதி பறக்கத் தொடங்கி இரண்டு மாதமே ஆகியிருந்தது. புதுமைவாதியின் வினாத்தாளிலோ இரண்டும் ஒன்றே: 'திணிவு இவ்வளவு, தூரம் இவ்வளவு, செலவின் இழிவுப் பெறுமானத்தைக் காண்க.' குருதியா, சோளப்பொரியா என்பது அச்சமன்பாட்டில் இல்லை. காத்திருப்பவர் யார் என்பதும் இல்லை. எதனை இழிவாக்க வேண்டும் என்பதை வேறு எவரோ முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். மாணவனுக்கு எஞ்சியிருப்பது பெறுதி கண்டு பூச்சியத்துக்குச் சமப்படுத்தும் கூலிவேலை மட்டுமே. நிஜவுலகம் என்ற பெயரால் வகுப்பறைக்குள் வருவது கம்பனியின் கணக்கேடு!

இது வெறும் சுலோகம் என்று எண்ணுவோருக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வகுப்புக்கென அமைத்தவை. நேரான தெரு ஒன்றின் வழியே மூன்று ஆஸ்பத்திரிகள். முதலாவது தெருவின் தொடக்கத்தில். இரண்டாவது 20ஆம் கிலோமீற்றரில். மூன்றாவது 80ஆம் கிலோமீற்றரில். மாதந்தோறும் முதலாவதிலிருந்து 60 அழைப்பு, இரண்டாவதிலிருந்து 30, மூன்றாவதிலிருந்து 10. விமான நிலையத்தை எங்கே அமைப்பது?

பறக்கும் மொத்தத் தூரத்தை இழிவாக்குக என்றால், முதலாவது ஆஸ்பத்திரியின் வாசலிலேயே அமைக்கவேண்டும். அங்கிருந்து ஒரு கிலோமீற்றர் நகர்ந்தால் 60 பயணம் நீளும். 40 பயணம் குறுகும். ஆகவே நகர்வது நட்டம். தூரங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை இழிவாக்குக என்றால், பெறுதியைப் பூச்சியமாக்க 14ஆம் கிலோமீற்றர் என்ற விடை வருகிறது. எவரும் மிக அதிகமாகக் காத்திருக்கக்கூடாது, மிகத் தொலைவிலுள்ளவரின் தூரத்தை இழிவாக்குக என்றாலோ விடை 40ஆம் கிலோமீற்றர். ஒரே தெரு, ஒரே விமானம், விடைகள் மூன்று. மூன்றும் கணிதப்படி சரியானவை.

மணிக்கு 100 கிலோமீற்றர் கதியில், முதல் விடையின்படி தொலைவிலுள்ள ஆஸ்பத்திரி 48 நிமிடம் காத்திருக்கிறது. மூன்றாவது விடையின்படி 24 நிமிடம். ஆனால் மொத்த ஒருவழித் தூரம் மாதத்துக்கு 1,400 கிலோமீற்றரிலிருந்து 3,400 கிலோமீற்றராக உயர்கிறது. முதலாவது ஆஸ்பத்திரியின் 60 நோயாளரும், வாசலிலேயே கிடைத்த குருதிக்காக இப்போது 24 நிமிடம் காத்திருக்கவேண்டும். சமத்துவத்துக்கு விலை உண்டு. அதனை மறைத்து மாணவருக்கு உபதேசம் செய்வது நேர்மையன்று. அந்த விலையை யார் கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா என்று முப்பது மாணவர் வகுப்பில் வாதாடட்டும். வாதாடிய பின் அவர்கள் காணும் பெறுதி அவர்களுடைய பெறுதி. இதிற் கணிதமும் குறைந்துவிடவில்லை. முதல் விடை பெறுதியே இல்லாத ஒரு கூர்முனையில் அமைகிறது. இழிவு எப்போதும் பெறுதி பூச்சியமாகும் இடத்தில்தான் வரும் என்று நெட்டுருப் பண்ணியவன் இங்கே தடுக்கி விழுவான்.

இன்னுமோர் உதாரணம் கூறுவேன். அது நமது மண்ணோடு தொடர்புடையது. இறக்கையுள்ள விமானம் ஒன்று சீராகப் பறப்பதற்கு வேண்டிய வலுவை எளிய மாதிரியில் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். காற்றின் தடையை வெல்வதற்கான பகுதி கதியின் கனத்துக்கு நேர்விகிதசமம். விழாமல் தன்னைத் தாங்கி நிற்பதற்கான பகுதி கதிக்கு நேர்மாறு விகிதசமம். இச்சார்பிடம் இரண்டு வினாக்கள் கேட்கலாம். அதிக நேரம் வானில் நிற்க எந்தக் கதி வேண்டும்? தாங்கும் பகுதி தடையின் பகுதியைப்போல் மும்மடங்காக இருக்கும் கதி. அதே மின்கலத்தைக்கொண்டு அதிக தூரம் செல்ல எந்தக் கதி வேண்டும்? இரண்டு பகுதிகளும் சமமாகும் கதி. இது முன்னையதைவிட ஏறத்தாழ 32 வீதம் கூடியது. வகையீடு கற்கத் தொடங்கிய மாணவருக்கும் இது எட்டும் கணக்கே.

கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை ஒன்றில் இதனை நான் கரும்பலகையில் எழுதியபோது, பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், எங்கட அம்மா இதை வண்டு எண்டுதான் சொல்லுறவா. சத்தங் கேட்டால் பங்கருக்குள்ள ஓடுவினமாம்."

வகுப்பு அமைதியாயிற்று. யுத்தகாலத்தில் வன்னி வானில் இரைந்துகொண்டு வட்டமிட்ட ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது. 2009இல் யுத்தம் முடிந்தபோது அம்மாணவி பேசத் தொடங்காத குழந்தை. நான் கையிற் பிடித்திருந்த வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரும்பலகையை மீண்டும் பார்த்தேன். அதிக நேரம் ஒரே ஊரின் மேல் நிற்க எந்தக் கதி வேண்டும் என்பது வேவு பார்ப்பவனின் வினா. குருதியை அதிக தூரம் கொண்டுசெல்ல எந்தக் கதி வேண்டும் என்பது தாதியின் வினா. சார்பு ஒன்றே. வினா மாறியதும் விடை மாறுகிறது. விமானத்தின் கீழே நிற்கும் மனிதரின் கதியும் மாறுகிறது. எங்கள் பாடப்புத்தகம் 'கதி' என்ற சொல்லை வேகத்தின் பருமனுக்கு வைத்திருக்கிறது; அன்று அதன் மற்றப் பொருளை அம்மாணவி எனக்கு நினைவூட்டினாள்.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட நண்பர்கள் சிலர், 'அப்படியாயின் ட்ரோனை வகுப்புக்குள் விடவே கூடாது' என்றனர். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது; முடிவு ஏற்புடையதன்று. யுத்தத்துக்கு உழைத்தது என்பதற்காக ஒரு கருவியைத் தள்ளிவிட்டால் எறியத்தைப் பற்றிய பாடத்தையும் பீரங்கியோடு தள்ளிவிட வேண்டும். கருவியை ஆள்பவர் யார் என்று கேட்கும் அறிவை வளர்ப்பதே நமது வேலை. அக்கருவியின் கணிதத்தை அறியாதவன் அக்கேள்வியை உரத்துக் கேட்கலாம்; அதற்கு வரும் பதில் சரியா, பிழையா என்று காணமாட்டான்.

கணிதத்தினுள் அரசியலைப் புகுத்துகிறீர்கள் என்று இன்னொரு குற்றச்சாட்டும் எழும். 'செலவின் இழிவுப் பெறுமானத்தைக் காண்க' என்பதில் அரசியல் இல்லையா? எவருடைய செலவு? கம்பனியின் மின்கலச் செலவா, காத்திருக்கும் நோயாளியின் உயிர்ச்செலவா? ஆளும் தரப்பின் அரசியல் வினாவாக வரும்போது அது கணிதம்; அந்த வினாவை மறுத்துக் கேட்டால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது! இந்த நடுநிலைமையை நாம் இலக்கிய உலகில் நெடுங்காலமாக அறிவோம்.

பரீட்சைக்கு நேரம் போதாது என்ற முறைப்பாடு மட்டுமே மதிப்புக்குரியது. உயர்தரப் பாடத்திட்டத்தின் பாரத்தையும், அதனை முடிப்பதற்காக ரியூசன் கொட்டகைகளுக்கு ஓடும் பிள்ளைகளின் களைப்பையும் ஆசிரியன் என்ற முறையில் நானும் அறிவேன். எனவே நான் கேட்பது ஒரு புதிய பாடத்திட்டத்தை அன்று. தவணைக்கு இரண்டு பாடவேளை போதும். அவ்விரண்டிலும் ஆசிரியர் வினாவை முழுமையாகத் தராது, நிலைமையை மட்டுந் தரட்டும். எதனை இழிவாக்குவது, எதனை உயர்வாக்குவது, எந்தக் கட்டுப்பாட்டை மீறக்கூடாது என்பவற்றை மாணவர் தாமே தீர்மானித்து, தீர்மானத்துக்குக் காரணமும் எழுதட்டும். அதன்பின் வகையிடட்டும். விடை கிடைத்ததும், அந்த விடையால் அதிகம் இழப்பவர் யார் என்று இறுதியில் ஒரு வரி சேர்க்கட்டும். அந்த ஒரு வரிக்குப் பரீட்சகர் புள்ளி வழங்கமாட்டார். ஆசிரியர் வழங்கலாம்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது ஏழையின் பிள்ளைக்கு விடை காணும் உரிமை கிடைத்தது. சமன்பாடு எழுதப்படுவதற்கு முன்னர் நடைபெறும் கூட்டத்தில் அப்பிள்ளைக்கு இன்னும் ஆசனம் இல்லை. அந்த ஆசனத்தைப் பெற்றுக்கொடுப்பது கணித ஆசிரியனின் கடமை. முற்போக்காளர் அனைவரதும் கடமையுமாகும்.

பின்வாங்கு மாணவி அன்று தன் அப்பியாசக் கொப்பியில் இரண்டு கதிகளையும் பிழையின்றிக் கணித்திருந்தாள். முதல் விடையின் அருகே 'வண்டு' என்றும், இரண்டாவதன் அருகே 'இரத்தம்' என்றும் எழுதியிருந்தாள். நான் இரண்டுக்கும் சரி போட்டேன்.