மாட்டுக்குக் கோமாரி ஊசி சரி, பேரனுக்கு மட்டும் வேண்டாமா?

நம் இயக்கக் கூட்டங்களில் விதை, மண், விலை எல்லாம் பேசி முடித்து மோர் குடிக்கிற நேரத்தில், இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "சார், பிள்ளைக்குத் தாய்ப்பால் இருக்கு, கம்மங்கூழ் இருக்கு, நாட்டுக்கோழி முட்டை இருக்கு. அப்புறம் தடுப்பூசி எதுக்கு? அதுவும் கம்பெனிக்காரன் சரக்குதானே?"

கேட்பவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. பூச்சிக்கொல்லி ஆபத்தில்லை என்று சொல்லி விற்றவர்களிடம் ஏமாந்தவர்கள். அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் பதிலைத் தேடாமல் முடிவெடுத்தால், பாதிப்பு பெரியவர்களுக்கு அல்ல, பிள்ளைக்கு.

முதலில் நம் தொழுவத்தைப் பார்ப்போம். கோமாரி ஊசி முகாம் என்றால் விடியற்காலையிலேயே மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நிற்கிறோம். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போடுகிறோம். அடர்தீவனமே வாங்காத நண்பர்கள்கூட இதை விடுவதில்லை. மாட்டினத்தையே வாரிக்கொண்டு போன வெக்கை நோய் 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்ததில் பெரும்பங்கு தடுப்பூசிக்குத்தான். 1796இல் ஜென்னர் பெரியம்மைக்கு வழி கண்டதும் பால்மாட்டின் அம்மையிலிருந்துதான். தடுப்பூசிக்கான ஆங்கிலச் சொல்லே, பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உடம்புக்கு நோயை முன்கூட்டியே அடையாளம் காட்டி, எதிர்த்து நிற்கப் பழக்குகிற வேலை இது. வயலில் விஷம் தெளிப்பதோடு இதை ஒப்பிட முடியாது.

அடுத்தது ரண ஜன்னி. நம்மைப் போன்றவர்கள் மிகவும் யோசிக்க வேண்டியது இதைத்தான். இந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் கால்நடைகளின் குடலிலும் சாணத்திலும் இருக்கிறது. ஜீவாமிர்தம் கலக்கிற இடத்திலும் எருக்குழி ஓரத்திலும் வெறுங்காலோடு ஓடுவது நம் வீட்டுப் பிள்ளைகள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற நோய் அல்ல. ஆகவே, 'ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் போட்டிருக்கு, நம்ம பிள்ளைக்கு வராது' என்கிற கணக்கு இங்கே செல்லாது. போட்டுக்கொண்ட பிள்ளைக்கு மட்டும்தான் காப்பு. இயற்கை விவசாயி வீட்டுக்குத் தேவை கூடுதலே தவிரக் குறைவு அல்ல.

தட்டம்மை வேறு மாதிரி. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். 100க்கு 95 பேராவது போட்டுக்கொண்டால்தான் ஊர் தப்பும். நல்ல சாப்பாடு நோயின் கடுமையைக் குறைக்கும், உண்மை. ஆனால் தொற்றாமல் தடுக்காது. ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு இந்த ஊசி இன்னும் போட்டிருக்காது. அதைக் காப்பது சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான்.

2017இல் தட்டம்மை - ரூபெல்லா முகாமின்போது வாட்ஸப்பில் வந்த வதந்திகள் நினைவிருக்கும். ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது அதில் பழைய சரக்கு. 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பியது. வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, தொடர்பில்லை என்று 2019இல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் ஊசி போடும் இடத்தையும் முறையையும் அரசு இறுக்கியது. வங்கியில் கடன் மனு பார்க்கும்போது, கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் எழுதிப் பார்ப்போம். ஒரு வாராக்கடனைக் காட்டி விவசாயக் கடனே கூடாது என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று. தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் உயிரை எடுப்பது அதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆகவே ஊசியை மறுக்காமல், கேள்வி கேட்டுப் போட்டுக்கொள்வோம். குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை. தட்டம்மை - ரூபெல்லா மருந்தைக் கரைத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனால் போடக் கூடாது. எப்போது கரைத்தது என்று கேளுங்கள். முந்தைய ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் முன்பே சொல்லுங்கள். லேசான சளிக்காகத் தள்ளிப் போட வேண்டாம். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஓரிரு நாள் காய்ச்சலும் வீக்கமும் வரலாம். செவிலியர் சொன்ன அளவுக்கு மருந்து கொடுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, நிற்காத அழுகை என்றால் உடனே 108ஐக் கூப்பிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கம்பெனிக் கேள்விக்கு வருகிறேன். அட்டவணையில் உள்ள ஊசிகள் அரசு நிலையத்தில் இலவசம். ஆனால் தயாரிப்பு பெரும்பாலும் தனியார் கைக்குப் போய்விட்டது. 2008இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. செங்கல்பட்டில் கட்டிய தடுப்பூசி வளாகம் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. விதை உழவர் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிற நாம், தடுப்பூசி பொதுத்துறையில் இருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். போராட வேண்டிய இடம் அதுதான். பிள்ளையின் தொடையை ஒளித்து வைப்பதால் எந்தக் கம்பெனியும் நஷ்டப்படாது.

புதன்கிழமை ஊசி நாள். இன்று இரவே பேரப்பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயது, ஐந்து வயது, பத்து வயது, பதினாறு வயது ஊசிகள்தான் அதிகம் விட்டுப்போகின்றன. விட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். எங்கிருந்து தொடரலாம் என்று கிராம சுகாதார செவிலியர் சொல்வார். அடுத்த கூட்டத்துக்கு அவரையே அழைப்போம். நம் கேள்விகளை எல்லாம் நேரில் கேட்போம்.