ஏழரைச் சனியும் 'சிலோன்' நீலமும்

போன வாரம் அத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். வந்ததும் வராததுமா கையை நீட்டினார். நடுவிரல்ல புது மோதிரம். நீலம். "மாப்ளே, ஒரிஜினல் சிலோன் நீலம். மூணு நாள் தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்தேன். கெட்ட கனவு வரல. அப்புறம்தான் போட்டேன்."

ஏழரைச் சனியாம். நவதிருப்பதியில சனிக்கு உரிய தலம் நம்ம ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துல பெருங்குளம்தானே, ஒரு நடை போய்ட்டு வந்தா செலவு மிச்சம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அக்கா முறைச்சா. அடக்கிக்கிட்டேன் :-)

"சிலோன்னு எப்படித் தெரியும் அத்தான்?"

"கடைக்காரர் சொன்னாருல்லா!"

இந்தப் பதிவே அந்த 'சொன்னாருல்லா'வுக்காகத்தான்.

1998-ல் மடகாஸ்கரின் தெற்கே இலக்காக்கா என்ற இடத்தில் நீலக்கல் கிடைத்தது. அதுவரை நாலு குடிசை இருந்த ஊர், சில வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் குழி தோண்டும் ஊராகிவிட்டது. வாங்க வந்தவர்களில் முக்கியமானவர்கள் தாய்லாந்துக்காரர்களும் இலங்கைக்காரர்களும். கல் அங்கிருந்து கொழும்புக்கும் பாங்காக்குக்கும் போய்ப் பட்டை தீட்டப்படுகிறது. ஆதிகாலத்தில் மடகாஸ்கரும் இலங்கையும் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பில் இருந்தவை. அதனால் இரண்டு கல்லும் அண்ணன் தம்பி மாதிரி. பரிசோதனைக் கூடத்துக்காரர்களே பிரித்துச் சொல்லத் திணறுவார்கள். நம்ம ஊர்க் கடைக்காரர் வெறுங்கண்ணால சொல்லிட்டாராம்!

சரி, இலங்கைக் கல்லே ஆனாலும் நிலைமை என்ன? இரத்தினபுரியில் கிணறு மாதிரி குழி இறக்கி, 'இல்லம்' எனப்படும் சரளை மண்ணை எடுத்து, கூடையில் போட்டு அலசுவார்கள். இறங்குகிறவருக்குப் பெரும்பாலும் சாப்பாடும், கல் கிடைத்தால் ஒரு பங்கும்தான். கிடைக்காத மாசம் பங்கும் கிடையாது.

அதே நாட்டில் பால் நிறத்தில் 'கெவுடா' என்று ஒரு கல் உண்டு. மதிப்பில்லாத கல் என்று ஒதுக்கியது. 1970-களில் தாய்லாந்துக்காரர்கள் அதை மலிவாக வாங்கி, 1500 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். உள்ளே இருக்கும் டைட்டானியம் கரைந்து இரும்போடு சேர, அருமையான நீலம்! லாபம் அடுப்பு வைத்திருந்தவருக்கு. தோண்டினவருக்கு ஒதுக்கின கல்லின் விலை.

"கல்லு கல்லுதானே, எங்க இருந்து வந்தா என்ன?"ன்னு கேப்பீங்க. அப்படின்னா 'சிலோன்'ங்கிற பேருக்கு ஏன் கூடக் காசு குடுக்கணும்? நாம காசு குடுக்குறது பேருக்கு. அந்தப் பேரு குழிக்குள்ள இறங்குறவனோடது இல்ல. என் ஆதங்கம் அவ்வளவுதான்.

இது நமக்குத் தெரியாத கதையா? கொற்கை முத்து, பாண்டியன் முத்துன்னு பெருமை பேசுறோம். கல்லைக் கட்டிக்கிட்டு மூச்சடக்கி இறங்கினவருக்கு, வெள்ளைக்காரன் காலத்தில் மூணு குவியல்ல ஒரு குவியல் சிப்பி. மிச்சம் ரெண்டு சர்க்காருக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இன்னிக்கு ரயிலுக்கே முத்துநகர் எக்ஸ்பிரஸ்னு பேரு. முத்துக் குளிச்ச ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்.

மோதிரம் போடாதீங்கன்னு சொல்லல. நம்பிக்கை அவங்கவங்க இஷ்டம். வாங்கும்போது எந்த நாட்டுக் கல்லு, சூடாக்கினதா இல்லையா, ரெண்டையும் கேளுங்க. சான்று கேளுங்க. தோண்டினவர் பேர் அதிலும் இருக்காது. ஆனா நாலு பேர் கேக்க ஆரம்பிச்சாத்தான் அந்தக் குழி இருக்கிற ஊராவது வெளிய வரும். முத்துக் கரைக்காரங்க நாமளே கேக்கலேன்னா வேற யாரு கேப்பா?

டிஸ்கி: அத்தான் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியம்தான். அக்கா படிப்பா. அதுதான் இப்போ என் ஏழரை.