புதியவர்களுக்கும் தோட்டக் கதவு திறக்கட்டும்



சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தால் இன்று பல வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் உள்ளன. எங்கள் புளோக் தோட்டத்தில் அண்மையில் சேர்ந்தேன். கீரை விதை பொடிசு, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும், மணலில் கலந்து தூவு என்று நான்காம் மாடிப் பாட்டி சொல்லிக்கொடுத்தார். மலாய் அண்டைவீட்டார் கங்குங் கீரைத் தண்டைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, ஈர மண்ணில் சாய்த்து நட்டுக் காட்டினார். சில நாளில் கணுவில் வேர் விட்டிருந்தது. எவ்வளவு மகிழ்ச்சி!

இப்படிக் கற்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. சில தோட்டங்கள் பூட்டியே கிடக்கின்றன. சாவி யாரிடம், சேர யாரைக் கேட்பது என்று ஒரு பலகைகூட இல்லை. பூட்டாமல் விட்டுக் கனிந்த பப்பாளி திருடுபோனால் வளர்த்தவர் மனம் நோகும்தான். வேலி இருக்கட்டும். அதில் தொடர்பு எண்ணையும் கூடி வேலை செய்யும் நாளையும் எழுதி மாட்டலாமே. தனிப் பாத்தி கேட்பவர்களுக்குப் பூங்காக்களில் வாடகைப் பாத்திகள் உண்டு. கற்றுக்குட்டிக்கு வேண்டியதோ பக்கத்தில் நின்று காட்டும் ஆள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு பெருகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடலாம். தோட்டக் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

- வாசகி, சிங்கப்பூர்