லைசென்ஸ் கொடுத்தீர்கள், அமைச்சரே. மிச்சத்தை யார் கொடுப்பது?

கௌரவ பிரப்மீத் சர்க்காரியா அவர்களுக்கு,
ஒன்ராறியோ போக்குவரத்து அமைச்சர்,
குயின்ஸ் பார்க், ரொறன்ரோ.



இந்த மடலை எழுதுபவன் ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு தமிழ்ச் சாரதி. இந்த நகரத்துக்கு வந்த எங்கள் ஆட்கள் உணவகச் சமையலறை, தொழிற்சாலை, டாக்சி என்று உழைக்கத் தொடங்கினார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் பலர் கனரக ட்ரக்குக்கான ஏ-இசெட் லைசென்ஸ் எடுத்து, 53 அடி ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு வின்னிபெக், கல்கரி, டலஸ் என்று ஓடுகிறார்கள். நீங்கள் பிரம்டன் தெற்குத் தொகுதியின் உறுப்பினர். ட்ரக் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நான் கேட்க வருவது ஒன்றுதான். நெடுந்தூரம் தனியே போகும் புதுச் சாரதியின் வண்டியில் என்னென்ன இருந்தாக வேண்டும் என்பதைச் சட்டமாக்குங்கள். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் அவருடைய முதலாவது குளிர்காலத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கவும் வழி செய்யுங்கள்.

ஒன்ராறியோ இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2017 ஜூலை 1 அன்று, கனடாவிலேயே முதல் மாகாணமாக, ஏ-வகுப்பு லைசென்சுக்குக் கட்டாயப் பயிற்சியைக் கொண்டுவந்தது இந்த மாகாணம்தான். அதற்கு முன் ஒரு வார இறுதியில் ஓடிப் பழகிவிட்டுப் பரீட்சைக்குப் போனவர்களும் உண்டு. இப்போது குறைந்தது 103.5 மணி நேரம் படிக்கவேண்டும். அதில் வண்டிக்குள் இருந்து பழகுவது 50 மணி. கியூபெக்கில் தொழிற்கல்விச் சான்றிதழாக இதே வேலையைப் படிப்பவர்கள் 615 மணி நேரம் படிக்கிறார்கள். அங்கே அது கட்டாயமில்லை என்றாலும், இந்தத் தொழிலை முறையாகக் கற்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அந்த எண் காட்டுகிறது.

இந்த 103.5 மணி நேரத்தில் பனியில் ஓடிப் பழகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜூலையில் படித்துத் தேறுகிற பிள்ளை, பனியில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் லைசென்ஸ் எடுத்துவிடலாம். டிசம்பரில் அவருக்கு முதல் லோட் வருகிறது: ரொறன்ரோவிலிருந்து தண்டர் பேய். கேணியில் நீந்தப் பழக்கிவிட்டு மாரிக் கடலில் இறக்கிவிடுகிற மாதிரித்தான் இது.

ஒரு சிறிய காரை ஓட்டுவதற்கு இந்த மாகாணம் 1994 முதல் படிமுறை வைத்திருக்கிறது. தொடக்க நிலையான ஜி1 எடுத்தவர் தனியே ஓட முடியாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். 400 இலக்க நெடுஞ்சாலைகளில் ஏறுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ஏ-இசெட் கையில் கிடைத்த 18 வயதுப் பிள்ளை, மறுநாளே பாரத்தோடு ஏறக்குறைய 40 டன் வரும் வண்டியைத் தனியே எடுத்துக்கொண்டு இந்த மாகாணத்தின் எந்த மூலைக்கும் போகலாம். இரண்டு சட்டமும் ஒரே மாகாணத்தினுடையவைதான்.

அந்தப் பிள்ளை போகும் பாதையைப் பாருங்கள். ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக் 2,000 கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி ஒன்ராறியோவுக்குள்ளேயே கிடக்கிறது. சட்பரி தாண்டினால் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை பெரும்பாலும் இருவழிப் பாதைதான். சூ செயின்ட் மேரிக்கு வடக்கே, சுப்பீரியர் ஏரிக் கரையில், கைத்தொலைபேசிக்குச் சிக்னலே கிடைக்காத நீண்ட துண்டுகள் உண்டு. பனிப்புயல் அடித்தால் வாவாவிலோ மரத்தனிலோ பாதையை மூடிவிடுவார்கள். சில வேளை ஒரு நாள் முழுக்க. 11ஆம், 17ஆம் இலக்க நெடுஞ்சாலைகள் நிப்பிகன் பாலத்தில் ஒன்றாகின்றன. 2016 ஜனவரி 10 அன்று, திறந்து சில வாரங்களே ஆன அந்தப் புதுப் பாலத்தின் தளம் ஒரு முனையில் மேலெழும்பியபோது, கனடாவின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான தரைவழி அறுந்துபோனது. அமெரிக்காவுக்குள்ளால் சுற்றிப் போவதைத் தவிர வேறு பாதை இருக்கவில்லை. இந்த இரண்டு நெடுஞ்சாலைகளிலும் புயல் ஓய்ந்து 12 மணி நேரத்துக்குள் பனியை அகற்றவேண்டும் என்று உங்கள் அமைச்சு விதி வைத்திருக்கிறது. நல்லது. அந்தப் 12 மணியும் அதற்கு முந்திய புயல் நேரமும் சாரதி வண்டிக்குள் உயிரோடும் சூட்டோடும் இருக்கவேண்டுமே.

அதற்கு என்ன வேண்டும் என்று அனுபவசாலிகளைக் கேட்டால், பட்டியல் ஒன்றும் ஆடம்பரமாக இராது.

முதலில் உடம்பு. மைனஸ் 30 பாகையில் ட்ரெய்லரைக் கழற்றிக் கொழுவும்போது வெறும் கை இரும்பில் ஒட்டிவிடும். தடித்த கையுறை இரண்டு சோடி வேண்டும். ஒன்று நனைந்தால் மற்றது. இரும்பு முனை வைத்த குளிர்காலச் சப்பாத்து, ஒளி தெறிக்கும் மேலங்கி, தலையில் கட்டும் ரோச். கையில் பிடிக்கும் ரோச் போதாது, ஏனென்றால் இரண்டு கைக்கும் வேலை இருக்கும். எஞ்சின் நின்றுபோனால் கூடாரத்தில் படுப்பவர்கள் பாவிக்கும் தரத்தில் ஒரு உறங்குபை. மூன்று நாளைக்குப் போதுமான தண்ணீர், காய்ந்த உணவு, தான் எடுக்கும் மருந்து.

அடுத்தது வண்டி. எயார் பிறேக் குழாய்களில் ஈரம் உறைந்தால் வண்டி அசையாது. அதற்கென்று விற்கும் உறைவெதிர்ப்புத் திரவம் வேண்டும். பிறேக் ஷூ சில்லோடு ஒட்டிக்கொண்டால் தட்டி எடுக்க ஒரு சுத்தியல். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். அதைத் தடுக்கும் கலவையை எண்ணெய் அடிக்கும்போதே ஊற்றவேண்டும், அடைத்தபின் ஊற்றிப் பயனில்லை. குழாய் இணைப்புகளுக்கு மாற்று ரப்பர் வளையம், ரயர் காற்றழுத்தமானி, பற்றரி வயர், பனி தள்ளும் சவள், சில்லுக்குக் கீழே போட ஒரு பை மணல். தீயணைப்புக் கருவியும் எச்சரிக்கை முக்கோணங்களும் சொல்லாமலே இருக்கவேண்டியவை. இருட்டில் வண்டி பாதையில் நின்றுவிட்டால் முன்னும் பின்னும் ஏறக்குறைய 30 மீற்றரில் எச்சரிக்கை வைக்கவேண்டும் என்பது இந்த மாகாணச் சட்டம். பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பாதைக்குப் போகிறவருக்கு ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை சில்லுச் சங்கிலியும் கட்டாயம். அதைப் பூட்டப் பழகவேண்டிய இடம் ரொறன்ரோ முற்றம். ரொஜர்ஸ் கணவாயின் ஓரத்தில் நின்று பழக முடியாது.

மூன்றாவது வழியும் கடதாசியும். கைத்தொலைபேசி வரைபடம் காருக்கு உரியது. பாலத்தின் உயரம், பாதையின் பாரக் கட்டுப்பாடு எதுவும் அதற்குத் தெரியாது. 4.1 மீற்றர் உயர ட்ரெய்லரோடு அதை நம்பிப் போகக்கூடாது. ட்ரக்குக்கென்று செய்த ஜிபிஎஸ் வேண்டும். அது செத்தாலும் கைகொடுக்க ஒரு கடதாசி வரைபடப் புத்தகம். 2023 முதல் மின்னணு லொக் கருவி கட்டாயமாக நடைமுறையில் இருக்கிறது. அது பழுதானால் கையால் எழுத 15 நாளைக்குப் போதுமான வெற்றுத் தாள்கள் வண்டியில் இருக்கவேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. எத்தனை புதுச் சாரதிகளுக்கு இது தெரியும் என்று ஏதாவது ஒரு பரிசோதனை நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செய்மதி மூலம் செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவி. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முதலில் சட்டமாக வேண்டியது இதுதான்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். லைற்றர் துளையில் செருகிச் சூடாக்கும் சிறு அடுப்பும் ஒரு குளிர்பெட்டியும் இருந்தால் வீட்டுச் சோறும் கறியும் இரண்டு மூன்று நாளைக்குப் போகும். இதைச் சட்டமாக்கும்படி நான் கேட்கவில்லை. வயிறு கெட்டவர் 13 மணி நேரம் ஓடமுடியாது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இனிக் காசு. மாகாண எல்லை தாண்டி ஓடும் தொழிலாளிக்குப் பாதுகாப்புச் சாதனங்களை வேலை கொடுப்பவர் வழங்கவேண்டும் என்று கனடாத் தொழிற்சட்டத்தின் இரண்டாம் பகுதி சொல்கிறது. ஆனால் புதிதாக வருகிற எங்கள் பிள்ளைகளில் பலர் கடதாசியில் தொழிலாளியே இல்லை. "நீ ஒரு கம்பனி பதிந்துகொண்டு வா, அப்போதுதான் வேலை" என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். வண்டி நிறுவனத்தினுடையது, லோட் நிறுவனத்தினுடையது, நேரத்தைத் தீர்மானிப்பதும் நிறுவனம்தான். சாரதி மட்டும் தனி வியாபாரி. டிரைவர் இங்க் என்று இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த ஏற்பாடு இது. விடுமுறைக் காசும் வேலைக்காப்புறுதியும் மட்டுமல்ல, கையுறையும் சுத்தியலும்கூட அவருடைய சட்டைப் பையிலிருந்துதான் வரவேண்டும். பயிற்சிக் கட்டணத்துக்கே கடன் பட்டவர் எதை விட்டுவைப்பார்? கட்டாயமில்லாததைத்தான்.

இது ஒட்டாவாவின் பொறுப்பு என்று நீங்கள் சொல்லலாம். தொழிற்சட்டம் அவர்களுடையதாக இருக்கட்டும். ஆனால் ஒன்ராறியோவில் ட்ரக் ஓட்டும் நிறுவனத்துக்குச் சிவிஓஆர் சான்றிதழ் கொடுப்பது உங்கள் அமைச்சு. அந்தச் சான்றிதழோடு எந்த நிபந்தனையையும் நீங்கள் சேர்க்கலாம். சாரதி நாள்தோறும் வண்டியைச் சோதிக்கும் அட்டவணை ஒன்றில் அவசரகாலக் கருவிகளுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. புதுச் சட்டம் எழுதத் தேவையில்லை, அந்த வரியை விரித்து எழுதினாலே போதும். ஏற்றி இறக்கும் இடத்தில் சாரதிக்குக் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்று 2022 ஜூலை முதல் சட்டமாக்கியது இந்த அரசுதான். அந்தக் கதவைப் பற்றி யோசித்தவர்களால் இதைப் பற்றியும் யோசிக்க முடியும்.

சாமானை மட்டும் கொடுத்துவிட்டால் போதாது என்பதற்கு ஹம்போல்ட் விபத்தே சாட்சி. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்கச்சுவானில் ஹொக்கி விளையாட்டுப் பிள்ளைகள் வந்த பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். அந்த ட்ரக்கை ஓட்டியவர் சில வாரங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர். இரட்டை ட்ரெய்லரோடு தனியே ஓடினார். பின்னால் தார்ப்பாய் கழன்று அடித்துக்கொண்டிருந்ததில் அவருடைய கவனம் போனது. நிற்கச் சொன்ன பலகையைத் தாண்டிவிட்டார். அவருக்கு எட்டு ஆண்டுச் சிறை கிடைத்தது. அவருடைய குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தார்ப்பாயும் கயிறும் அவரிடம் இருந்தன. அதை இறுக்கத் தெரிந்த ஒருவர்தான் பக்கத்தில் இல்லை. அதன் பிறகுதான் சஸ்கச்சுவான், அல்பேர்ட்டா, மானிற்றோபா மாகாணங்களும் கட்டாயப் பயிற்சியைக் கொண்டுவந்தன.

சாரதிப் பற்றாக்குறை இருக்கும் காலத்தில் இரண்டு பேரை ஒரு வண்டியில் ஏற்றினால் கட்டுமா என்று நிறுவனங்கள் கேட்கும். நல்ல நிறுவனங்கள் இப்போதே அப்படித்தான் செய்கின்றன. புதுப் பிள்ளையை வாரக்கணக்கில் மூத்தவரோடு அனுப்புகின்றன. செய்யாதவை அந்தச் செலவை மிச்சம் பிடித்து, செய்கிறவற்றைவிடக் குறைந்த விலையில் லோட் எடுக்கின்றன. யார் தயார் என்பதை நிறுவனத்தின் மனச்சாட்சிக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதை ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் 2019இலேயே எழுதிவிட்டார். தங்கள் சாரதிகளைத் தாங்களே பரீட்சித்த நிறுவனங்களில் 95 வீதமானோர் தேறினார்கள். மாகாணத்தின் பரீட்சை நிலையங்களான டிரைவ்ரெஸ்ட் நிலையங்களில் தேறியவர்கள் 69 வீதம்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஏ-இசெட் எடுத்த முதலாவது குளிர்காலத்தில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை, சட்பரிக்கு அப்பால் தனியே போக அனுமதிக்காதீர்கள். குறிப்பிட்ட தூரத்தை அனுபவசாலியோடு ஓடி, அவர் கையெழுத்து வைத்தபின் தனியே விடுங்கள். மேலே சொன்ன பட்டியலில் உயிர்காக்கும் சாதனங்களை நிறுவனமே வண்டியில் வைக்கவேண்டும் என்று சிவிஓஆர் நிபந்தனை ஆக்குங்கள். சாரதி ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்ற கேள்விக்கு அங்கே இடம் வேண்டாம். வண்டி யாருடைய சான்றிதழில் ஓடுகிறதோ அவருடைய பொறுப்பு. பரிசோதனை நிலையத்தில் உங்கள் அதிகாரிகள் சில்லையும் விளக்கையும் பார்ப்பதுபோல இவற்றையும் பார்க்கட்டும். 401, 400 நெடுஞ்சாலைகளில் ஒன்ரூட் தரிப்பிடங்களைக் கட்டுவித்த மாகாணம், வடக்கேயும் குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும், சூடும் வெளிச்சமும் உள்ள ட்ரக் தரிப்பிடங்களைக் கட்டட்டும். ஓடும் மணி முடிந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுகிற சட்டம், நிறுத்த ஓர் இடத்தையும் காட்டவேண்டும்.

லைசென்ஸ் அட்டை உங்கள் அமைச்சின் பெயரில்தான் வருகிறது. அதை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளையை வடக்கே அனுப்புகிறாள். அதே பாதையில் எதிரே காரில் வருகிற குடும்பமும் அதை நம்பித்தான் வருகிறது. இந்தக் குளிர்காலம் தொடங்குமுன் அந்த அட்டையோடு இந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து
ஒரு நெடுந்தூர ட்ரக் சாரதி