கெட்ட கோப்பும் இணையக் கருவியும்

தீபாவளி இரவுக்காகப் பல நாள் வடிவமைத்த பதாகை, திறக்க மறுக்கிறது. உடனே நாம் தேடுவது, சிதைந்த பிஎஸ்டி கோப்பைச் சரிசெய்து தரும் இணையக் கருவியைத்தான். அதனால் என்ன முடியும் என்று தெரிந்துகொண்டு நாடுவதே நல்லது.

பிஎஸ்டி கோப்பில் ஐந்து பகுதிகள் உண்டு. முதல் 26 பைட் தலைப்பகுதி, நான்காவதில் அடுக்குகள், கடைசியில் எல்லா அடுக்குகளும் சேர்ந்த ஒரே படம். தலைப்பகுதி மட்டும் கெட்டிருந்தால் மீட்க வாய்ப்புண்டு. அடுக்குகளின் தரவே அழிந்திருந்தால் எந்தக் கருவியாலும் அதை வரவழைக்க முடியாது. மிஞ்சினால் அந்த ஒரே படம் கிடைக்கும்; அதில் எழுத்தைத் தனியே திருத்த முடியாது.

மேலும், பதிவேற்றிய கோப்பு நம் கையை விட்டுப் போகிறது. மறைத்து வைத்த அடுக்குகளில் நண்பர்களின் படங்களும் கைப்பேசி எண்களும் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் அனுப்புவது முறையல்ல. முதலில் நம் கணினியிலேயே கிம்ப் போன்ற இலவச மென்பொருளில், கோப்பின் பிரதியைத் திறந்து பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றன்றைய வேலையைப் புதிய பெயரில் வேறோர் இடத்திலும் சேமிப்போம். கோப்பு மீள்வது வாய்ப்பைப் பொறுத்தது. பிரதி எடுப்பது நம்மைப் பொறுத்தது.